அவை அறிந்து பேசுவோம்: இளைஞர் பேச்சுப் போட்டிக்கு ஒரு முன்பாடம்

சுவாமி விவேகானந்தர் பிறந்த ஜனவரி 12ஆம் நாளைத் தேசிய இளைஞர் தினமாக இந்திய அரசு 1984ஆம் ஆண்டில் அறிவித்தது. 1985 முதல் நாடு முழுவதும் அது கொண்டாடப்பட்டு வருகிறது. அந்நாளை ஒட்டிய வாரங்களில் நம் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளில் பேச்சுப் போட்டிகள் பற்றிய செய்திகள் இடம்பெறுவது வழக்கம். அவற்றைப் படிக்கும் மாணவர் பலர். பெயர் கொடுப்போர் சிலர். ‘மேடைப் பேச்சு நமக்கு வராது’ என்று விலகிச் செல்வோரே மிகுதி.

அவ்வாறு விலகுவதால் உண்டாகும் இழப்பு ஒரு பரிசுக் கோப்பையோடு முடிவதில்லை. நேர்முகத் தேர்வில் தெரிந்த விடையைக்கூடச் சொல்ல முடியாமல் திகைக்க நேர்கிறது. தமக்கு உரிய கல்விக் கடனைப் பற்றி வங்கி மேலாளரிடம் கேட்கத் தயங்கி, வேறொருவரைத் துணைக்கு அழைக்க நேர்கிறது. தெருவின் குடிநீர்க் குறையை ஊர்க் கூட்டத்தில் எடுத்துரைக்க இயலாமல் வாளாவிருக்க நேர்கிறது. குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு இந்தத் தயக்கம் இன்னும் கனமானது. வீட்டிலும் உறவிலும் அவருக்காகப் பேசக்கூடியவர் பெரும்பாலும் இருப்பதில்லை. அவரே பேசியாக வேண்டும். எனவே, பேச்சுப் போட்டியை ஒரு பொழுதுபோக்கு நிகழ்ச்சியாகக் கருதாமல், பின்னாளில் தேவைப்படும் ஒரு திறனைத் தவறு நேர்ந்தாலும் பெருஞ்சேதம் இல்லாத இடத்தில் பழகிக்கொள்ளும் வாய்ப்பாகக் கருதுவது பொருந்தும்.

இத்திறனைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். திருக்குறளின் பொருட்பாலில் 65ஆம் அதிகாரம் சொல்வன்மை. 72ஆம் அதிகாரம் அவையறிதல். 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. இவ்வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. அவையை அறிவது முன்னே வருகிறது. அவைக்கு அஞ்சாமை அதன் பின்னரே வருகிறது. நம்மில் பலர் இதனைத் தலைகீழாகக் கொள்கிறோம். முதலில் அச்சம் தொலையட்டும், அதன்பின் மேடையேறலாம் என்று காத்திருக்கிறோம். கேட்போர் யார், அவர்களுக்கு எது தேவை, அதில் நாம் நன்கறிந்தது எது என்பன தெளிவாகும்போதுதான் அச்சம் குறையத் தொடங்கும். இக்கட்டுரையில் நாம் விரித்துரைக்க விரும்புவது இந்த ஒரு கருத்தையே.

தேசிய அளவில் ஒரு மேடை

இன்றைய போட்டிகளுக்கு எடுத்துக்காட்டாகத் தேசிய இளைஞர் நாடாளுமன்ற விழாவைக் கொள்ளலாம். மத்திய இளைஞர் நலன் மற்றும் விளையாட்டுத் துறை அமைச்சகம் இதனை 2019ஆம் ஆண்டில் தொடங்கியது. 18 முதல் 25 வயது வரையுள்ள இளைஞர்கள் இதில் பங்குபெறலாம். மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்று படிகள் கொண்ட அமைப்பு இது. முதல் விழாவின் நிறைவு நிகழ்ச்சி புதுதில்லியின் விஞ்ஞான் பவனில் நடந்தது. முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களுக்கு முறையே 2 இலட்சம், 1.5 இலட்சம், 1 இலட்சம் ரூபாய் பரிசாக வழங்கப்பட்டது.

2021ஆம் ஆண்டு விழாவின் இறுதிச் சுற்று நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் நடைபெற்றது. 1946 டிசம்பர் 9 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடிய மண்டபம் அது. நம் அரசியலமைப்பின் ஒவ்வொரு கூறும் விவாதிக்கப்பட்ட அதே இடத்தில் ஒரு சிற்றூர் மாணவி எழுந்து நின்று பேச முடியும் என்பது எளிய செய்தியன்று.

விதிமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. 2025இல் இந்நிகழ்ச்சிக்கான முதல் தேர்வு, பங்கேற்பாளர் தம் கருத்தை ஒரு நிமிடக் காணொளியாகப் பதிவேற்றும் முறையில் அமைந்தது. ஆகவே, வயது வரம்பு, நேரம், மொழி, பதிவு செய்ய இறுதி நாள் ஆகிய நான்கையும் அவ்வாண்டின் அறிவிப்பிலேயே பார்த்து உறுதி செய்துகொள்வது முதற்கடமை. கடந்த ஆண்டு கலந்துகொண்ட நண்பர் சொன்னதை மட்டும் நம்பித் தயாராவது தகாது. நான்கு நிமிடத்துக்கு எழுதிய உரையைப் போட்டி நாளன்று மூன்று நிமிடமாகச் சுருக்க நேர்ந்தால், முடிவுரையே முதலில் பலியாகும்.

பேச்சு வராத ஒரு வழக்கறிஞர்

மேடையச்சத்தை வென்றவர் என்று எவரையேனும் எடுத்துக்காட்ட வேண்டுமெனில், காந்தியடிகளின் இளமைக்காலமே நமக்குச் சிறந்த பாடம். தம் தன்வரலாற்றில் அவரே அவற்றை ஒளிவின்றி எழுதியுள்ளார்.

இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில் அவர் சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். ஒரு கூட்டத்தில் தம் கருத்தை எழுதிச் சென்றும் அதனைப் படிக்கத் துணிவின்றி அமர்ந்திருந்தார், வேறொருவர் படித்தார். வென்ட்னர் என்னும் கடற்கரை ஊரில் நடந்த கூட்டத்தில் ஒரு தாள் அளவே இருந்த உரையைப் படிக்க எழுந்தவருக்குக் கண் மங்கி உடல் நடுங்கியது. அங்கும் நண்பர் ஒருவரே படித்து முடித்தார். 1891இல் தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு அவர் விருந்தளித்தார். ஆங்கில எழுத்தாளர் அடிசன் நாடாளுமன்றத்தில் பேச எழுந்து, தொடங்கிய சொல்லையே மும்முறை சொல்லித் தடுமாறிய கதையை நகைச்சுவையாகச் சொல்லி உரையைத் தொடங்க எண்ணியிருந்தார். கதையைத் தொடங்கிய அளவில் மற்றவை மறந்துபோயின. ஒரு வரியில் நன்றி கூறி அமர்ந்தார்.

பம்பாயில் நீதிமன்றத்துக்குச் சென்ற முதல் வழக்கிலும் அவ்வாறே நேர்ந்தது. எதிர்த்தரப்புச் சாட்சியை விசாரிக்க எழுந்தவருக்குக் கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லி, வாங்கிய 30 ரூபாய்க் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினார்.

1893இல் அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். பிரிட்டோரியா நகரில் வாழ்ந்த இந்திய வணிகர்களைக் கூட்டி ஓர் உரை நிகழ்த்தினார். தம் வாழ்வின் முதல் பொதுச் சொற்பொழிவு அதுவே என்று அவர் குறிப்பிடுகிறார். அப்போது அவருக்கு வயது 23. இன்றைய இளைஞர் நாடாளுமன்றப் போட்டியில் சேரத் தகுதியுள்ள வயது. அவர் எடுத்துக்கொண்ட பொருள், வணிகத்தில் வாய்மை. உண்மை சமயத்துக்கு உரியது, வணிகத்துக்கு ஒத்துவராது என்று நம்பியவர்களுக்கு முன்னால் அவர் அதற்கு மாறான கருத்தை நிறுவினார். அயல்நாட்டில் ஒரு வணிகர் செய்யும் பிழை எல்லா இந்தியர் மீதும் பழியாக விழும் என்பதை எடுத்துக்காட்டினார். சுகாதாரக் குறைகளையும் சொன்னார். குறைகளை அதிகாரிகளிடம் முறையிட ஒரு சங்கம் அமைக்கலாம் என்றும், அதற்குத் தம் நேரத்தைத் தருவதாகவும் கூறினார். ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குக் கற்பிக்கவும் முன்வந்தார். அதை ஏற்று மூவர் கற்க வந்தனர்: ஒரு முடிதிருத்துநர், ஓர் எழுத்தர், ஒரு சிறுகடைக்காரர்.

இரண்டே ஆண்டுகளில் என்ன மாறியது? அவருடைய கூச்சம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. பின்னாளிலும் அது தம்மிடம் இருந்ததாகவே அவர் எழுதுகிறார். மாறியவை மூன்று. இலண்டன் விருந்தில் அவர் பிறருடைய வேடிக்கைக் கதை ஒன்றைத் தாங்கி நின்றார். பிரிட்டோரியாவில் தாம் ஆராய்ந்து தெளிந்த ஒரு பொருளைச் சொன்னார். பம்பாய் நீதிமன்றத்தில் அவையின் நடைமுறை அவருக்குப் பழக்கமில்லை. பிரிட்டோரியாவில் கேட்போரின் தொழில், நிலை, துன்பம் யாவும் அவர் அறிந்தவை. முன்பெல்லாம் தாம் எவ்வாறு பேசுகிறோம் என்பதே அவர் கவலை. இப்போது கேட்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அவர் கவலை. போட்டிக்குத் தயாராகும் இளைஞர் கற்க வேண்டிய பாடங்கள் இம்மூன்றிலும் அடங்கியுள்ளன.

பொருளைச் சுருக்குதல்

போட்டித் தலைப்புகள் பெரும்பாலும் பரந்தவையாகவே இருக்கும். ‘டிஜிட்டல் இந்தியாவில் இளைஞர் பங்கு’ என்பது தலைப்பு என்று கொள்வோம். இத்தலைப்புக்கு உட்பட்ட எல்லாவற்றையும் நான்கு நிமிடத்தில் சொல்ல முயல்பவர் எதையும் சொன்னவராக மாட்டார். கணினியின் வரலாற்றில் தொடங்கி, விண்வெளி வரை சென்று, ‘இளைஞர்களே எழுமின்’ என்று முடியும் உரைகளை நடுவர்கள் ஒரே நாளில் இருபது முறை கேட்டிருப்பர்.

இத்தலைப்பில் நாம் நேரடியாக அறிந்த ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றத்தில் முதியோர் ஏமாற்றப்படுவது அத்தகையது. 2016இல் அறிமுகமான யுபிஐ முறை இன்று பூக்கடை வரை பரவியுள்ளது. அதனை வீட்டுப் பெரியவர்களுக்குக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் பேரப் பிள்ளைகளே. ஆனால் அதிலுள்ள இடர்களையும் அவர்கள் சேர்த்துக் கற்பித்தார்களா என்னும் கேள்வி, ஒரு மாணவரின் உரைக்குத் தகுந்த கேள்வி. விடையை அவர் நூலகத்தில் தேட வேண்டியதில்லை. தம் தெருவிலேயே நான்கு வீடுகளில் கேட்டறியலாம்.

அந்த உரையில் சொல்லத்தக்க செய்திகள் மூன்று போதும். ஒன்று, யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அனுப்புவதற்கே அது தேவை. ‘பரிசுப் பணம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்’ என்று எவர் சொன்னாலும் அது பொய். இரண்டு, ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. காணொளி அழைப்பில் சீருடையுடன் தோன்றி, அறையை விட்டு வெளியேறாமல் பணம் அனுப்பச் சொல்பவர் காவலர் அல்லர். மூன்று, பணம் பறிபோனது தெரிந்தவுடன் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். தம் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். முறையீடு விரைவாகச் சென்றால், அப்பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு கூடுகிறது. வெட்கப்பட்டு மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏமாற்றியவருக்கே உதவும்.

இம்மூன்றையும் அறிந்து வீடு திரும்பும் ஒருவர், அன்றிரவே தம் தாயாரிடம் இவற்றைச் சொல்லக்கூடும். அதுவே அவ்வுரையின் வெற்றி.

நேரத்தைப் பங்கிடுதல்

நான்கு நிமிடம் என்பது 240 நொடிகள். ஒரு குடும்பம் மாதச் சம்பளத்தைப் பங்கிடுவது போல அவற்றைப் பங்கிடலாம். தொடக்கத்துக்கு 30 நொடி. சிக்கலை விளக்க 60 நொடி. மூன்று செய்திகளுக்கு 100 நொடி. இளைஞர் செய்யத்தக்கது என்ன என்பதற்கு 35 நொடி. முடிவுக்கு 15 நொடி. இக்கணக்கை எழுதி வைத்துக்கொண்டால், எந்தப் பகுதி அளவுக்கு மீறி வளர்கிறது என்பது பயிற்சியின்போதே புலப்படும்.

தொடக்கத்திலேயே பலர் நேரத்தை இழக்கின்றனர். தலைவர், நடுவர், ஆசிரியர், பெற்றோர், நண்பர் என்று தனித்தனியே விளித்து வணங்குவதற்குள் 30 நொடிகள் கழிந்துவிடும். ‘அவையோர் அனைவருக்கும் வணக்கம்’ என்னும் ஒரு தொடர் போதும். அதன்பின் நேரே பொருளுக்குள் நுழைய வேண்டும். ‘இன்றைய நவீன உலகில் தொழில்நுட்பம் அசுர வளர்ச்சி பெற்றுள்ளது’ என்று தொடங்கினால் எவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ‘இந்த அரங்கில் தம் பாட்டிக்குக் கைப்பேசியில் பணம் அனுப்பக் கற்றுக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்? அனுப்பக் கூடாத நேரம் எது என்று கற்றுக்கொடுத்தவர்கள் எத்தனை பேர்?’ என்று தொடங்கினால், கேட்பவர் ஒவ்வொருவரும் தம் வீட்டை நினைத்துப் பார்ப்பர்.

முடிவும் அவ்வாறே எளிமையாக இருத்தல் நலம். புதிய செய்தி எதையும் அங்கே சேர்க்கலாகாது. கேட்போர் செய்ய வேண்டிய ஒரு செயலைச் சொல்லி, நன்றி கூறி அமரலாம்.

காதுக்கு எழுதுதல்

கட்டுரை கண்ணுக்கு உரியது. உரை காதுக்கு உரியது. கட்டுரையில் ஒரு வரி விளங்காவிடில் மேலே சென்று மீண்டும் படிக்கலாம். உரையில் அந்த வசதி இல்லை. எனவே வாக்கியங்கள் குறுகியிருக்க வேண்டும். ஒரு மூச்சில் சொல்லி முடிக்க இயலாத வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எழுதியதை வாய்விட்டுப் படிக்கும்போது நாக்குத் தடுக்கும் இடங்களில் சொல்லை மாற்ற வேண்டும்.

சொற்களின் எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் வரை இயல்பாகப் பேசலாம் என்பர். வேற்றுமை உருபுகளும் விகுதிகளும் சேர்ந்து தமிழ்ச் சொற்கள் நீண்டிருப்பதால், அந்தக் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. கடிகாரத்தை முன்வைத்து, தம் இயல்பான வேகத்தில் ஒரு பக்கத்தைப் படித்து, ஆகும் நேரத்தை ஒவ்வொருவரும் தாமே அளந்துகொள்வதே சரியான வழி. மேடையில் பதற்றத்தால் வேகம் கூடும். கைதட்டலாலும் இடைநிறுத்தத்தாலும் நேரம் கூடும். ஆகவே 240 நொடிக்கு உரியதை 220 நொடியில் முடியுமாறு அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

மனப்பாடமும் நினைவும்

முழு உரையையும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வோர் ஒரு சொல்லில் தடுக்கினால், அடுத்த சொல் கிடைக்காமல் நின்றுவிடுவர். சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டது போல அனைத்தும் அறுந்துவிடும். தொடக்க வரிகள் மூன்றையும் முடிவு வரிகள் இரண்டையும் மட்டும் மனப்பாடம் செய்யலாம். இடைப்பட்டவற்றில் செய்திகளின் வரிசையை நினைவில் கொண்டு, சொற்களை அவ்வப்போது அமைத்துக்கொள்ளப் பழக வேண்டும். நம் தெருவில் நடந்ததை நண்பரிடம் சொல்லும்போது எவரும் மனப்பாடம் செய்வதில்லை. செய்தி நமக்குச் சொந்தமானது என்பதால் சொற்கள் தாமே வருகின்றன.

பயிற்சியை ஒரு வாரத்துக்கு இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு நாள் செய்தி திரட்டவும் எழுதவும் ஆகும். மூன்றாம் நாள் வாய்விட்டுப் படித்துச் சொற்களைத் திருத்தலாம். நான்காம் நாள் தாளைப் பாராமல் தனியே நின்று பேசலாம். ஐந்தாம் நாள் வீட்டில் இருவருக்கு முன் பேசி, ‘நான் சொன்னதில் உங்கள் நினைவில் நிற்பது எது?’ என்று கேட்கலாம். ‘நன்றாக இருந்ததா?’ என்று கேட்டால் அன்பின் மிகுதியால் ‘ஆம்’ என்றே சொல்வர். நினைவில் நிற்பதைக் கேட்டால் உண்மை வெளிப்படும். நாம் முதன்மையாகக் கருதிய செய்தி அவர்கள் விடையில் இல்லையெனில், ஆறாம் நாள் அதனை முன்னே கொண்டுவந்து திருத்த வேண்டும். ஏழாம் நாள் ஒரே ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டு உறங்கச் செல்லலாம்.

செய்தியின் நம்பகம்

உரையில் எண்களைச் சொல்லும்போது, அவை எந்த ஆண்டுக்கு உரியவை, எவர் வெளியிட்டவை என்பதை அறிந்து சொல்ல வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை, அரசின் செய்திக்குறிப்புகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகியவை பொதுமக்கள் பார்வைக்குக் கிடைப்பவை. கைப்பேசியில் பரவும் படங்களில் உள்ள எண்கள் அவ்வாறல்ல.

பொன்மொழிகளிலும் இதே விழிப்பு தேவை. விவேகானந்தர், காந்தியடிகள், அப்துல் கலாம் ஆகியோர் பெயரில் உலவும் மொழிகளில் பல அவர்கள் சொல்லாதவை. அவர்களுடைய நூலில் நாம் நேரே படித்திராத ஒன்றை அவர்கள் பெயரால் மேடையில் சொல்வது, கணக்கில் இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதிக் கொடுப்பது போன்றது. நடுவர் ஒருவர் ‘இது எந்த நூலில் உள்ளது?’ என்று கேட்டால் அக்காசோலை திரும்பி வந்துவிடும்.

மேடையில் நிற்கும் அந்த நான்கு நிமிடம்

பெயர் அழைக்கப்பட்டவுடன் நெஞ்சு படபடப்பதும் வாய் உலர்வதும் உடலின் இயற்கை. ஆபத்து வருவதாக எண்ணி உடல் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. பயின்ற பேச்சாளருக்கும் இது நிகழும். இதனைத் தோல்வியின் அறிகுறியாக எண்ணிக் கலங்க வேண்டா. ஒலிபெருக்கியின் முன் நின்றவுடன் பேசத் தொடங்காமல், ஒரு முறை மெல்ல மூச்சை இழுத்துவிட்டு, அவையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடங்கலாம். முன்வரிசை, நடுப்பகுதி, கடைசி என மூன்று இடங்களில் கனிவான ஒரு முகத்தைத் தேர்ந்து, மாறி மாறி அவர்களை நோக்கிப் பேசலாம்.

சொல் மறந்துவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சற்று நிறுத்தி, கடைசியாகச் சொன்ன கருத்தை வேறு சொற்களில் ஒரு முறை கூறினால் அடுத்தது நினைவுக்கு வரும். அப்போதும் வராவிட்டால் அதனை விடுத்து அடுத்த செய்திக்குச் செல்லலாம். நாம் எழுதி வைத்திருந்தது அவையோருக்குத் தெரியாது. ஆகையால் விடுபட்டதும் தெரியாது. குரலை உயர்த்தி முழங்குவதே சொற்பொழிவு என்னும் எண்ணமும் வேண்டா. பணம் இழந்த ஒரு முதியவரின் நிலையை முழக்கமிட்டுச் சொல்வது பொருந்தாது. அமைதியாகச் சொன்னால் அரங்கம் செவிசாய்க்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

பிள்ளையின் உரையைத் தாமே எழுதிக் கொடுக்கும் பெற்றோர் உண்டு. பணம் கொடுத்து எழுதி வாங்குவோரும் உண்டு. இப்போது கணினியே நொடியில் எழுதித் தந்துவிடுகிறது. அவ்வுரை பிழையின்றி இருக்கலாம், பரிசும் கிடைக்கலாம். ஆனால் கைதட்டலின் நடுவே நிற்கும் பிள்ளைக்கு, அது தன் சொல்லன்று என்பது தெரியும். தன் சொந்தச் சொற்கள் மேடைக்குத் தகுதியற்றவை என்னும் முடிவுக்கு அப்பிள்ளை வந்துவிடுவதே இதன் பெருங்கேடு. பேச்சுப் போட்டி எதைப் போக்க வேண்டுமோ, அதனையே அது வளர்த்துவிடுகிறது.

பெற்றோர் செய்யத்தக்க உதவிகள் வேறு பல உள்ளன. ‘இதை உனக்கு யார் சொன்னார்? நீ நேரில் பார்த்தாயா? உன் அண்ணன் இதற்கு மறுப்புச் சொன்னால் என்ன பதில் சொல்வாய்?’ என்று கேள்விகள் கேட்கலாம். பொறுமையோடு கேட்டு நேரத்தைக் குறிக்கலாம். போட்டி முடிந்ததும் ‘எத்தனையாவது இடம்?’ என்று கேட்பதற்கு முன், ‘நீ நினைத்ததைச் சொல்லி முடித்தாயா?’ என்று கேட்கலாம். முப்பது பேர் பங்குபெறும் போட்டியில் இருபத்தேழு பேர் பரிசின்றியே திரும்புவர். அவர்கள் அடுத்த ஆண்டும் பெயர் கொடுப்பார்களா என்பதை அவ்விரண்டாம் கேள்வியே பெரும்பாலும் தீர்மானிக்கும். நடுவரிடம் பணிவோடு சென்று, திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்றைக் கேட்டறிந்து குறித்துவைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம்.

போட்டிக்குப் பின்

மாதிரி நாடாளுமன்றத்தில் பேசிப் பழகிய இளைஞருக்கு உண்மையான ஒரு சபையும் காத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தின்படி, ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அதாவது, போட்டியில் பங்குபெறும் 18 வயது கிராமத்து மாணவி, பட்டியலில் தம் பெயரைச் சேர்த்துவிட்டால் எந்தத் தேர்வும் இன்றி அந்தச் சபையில் பேச உரிமை பெற்றுவிடுகிறார். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாள்களில் பல மாநிலங்களில் கிராம சபை கூடுகிறது. நகரத்தில் வாழ்வோருக்குக் குடியிருப்போர் சங்கமும் மகளிர் சுய உதவிக் குழுவும் உள்ளன.

முதியோர் ஏமாற்றப்படுவதைப் பற்றி நான்கு நிமிடம் பேசிய மாணவர், அதே உரையை எளிய பேச்சு மொழியில் அங்கே ஒரு முறை சொல்லலாம். அங்கு நடுவர் இல்லை, மதிப்பெண் இல்லை. ஆனால் ‘நேற்று எனக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்ததே, தம்பி’ என்று ஒரு பெரியவர் எழுந்து சொல்லக்கூடும். அப்போது அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 1930 என்னும் எண்ணை அவர் கைப்பேசியில் பதிந்து கொடுக்கவும் வேண்டும்.

இவ்வாண்டு போட்டி அறிவிப்பு வரும்போது நம் வீட்டு இளைஞர்கள் பெயர் கொடுக்க நாம் துணை நிற்போம். அதற்கு முன்பே தொடங்கத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. இன்று மாலை உணவு வேளையில், தாம் நன்கறிந்த ஒரு செய்தியை எழுந்து நின்று இரண்டு நிமிடம் சொல்லுமாறு அவர்களைக் கேட்கலாம். கைப்பேசிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, நடுவே குறுக்கிடாமல் முழுவதையும் கேட்பது நம் பங்கு.